குமாவோன் மலைக்குக் கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்மோராவில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து எட்டு மாதம் இருந்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து சொந்தக்காரர், நண்பர், நண்பரின் மாமனார் என்று யார் அந்தப் பக்கம் கிளம்பினாலும் எனக்கு ஒரு போன் வந்துவிடும். கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன்.

குமாவோன் என்றால் நைனிதால்தானே?

இல்லை. நைனிதால் அதில் ஓர் ஊர், அவ்வளவுதான். உத்தராகண்ட் மாநிலம் இரண்டு பாதியாகக் கிடக்கிறது. மேற்குப் பாதி கட்வால். பத்ரிநாத், கேதார்நாத், ரிஷிகேஷ் எல்லாம் அங்கே. கிழக்குப் பாதிதான் குமாவோன். அல்மோரா, நைனிதால், பாகேஷ்வர், பித்தோராகட், சம்பாவத், உதம் சிங் நகர் என்று ஆறு மாவட்டங்கள். காளி ஆற்றைத் தாண்டினால் நேபாளம். விஷ்ணு கூர்ம அவதாரம் எடுத்த இடம் சம்பாவத் பக்கம் என்பது ஐதிகம். அதனால் கூர்மாசலம், அது மருவி குமாவோன்.

ஊர்களைப் பார்க்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அல்மோரா மலைக்காரர்களே கட்டிய ஊர். சந்த் வம்சத்து அரசர்கள் 16ஆம் நூற்றாண்டில் சம்பாவத்திலிருந்து தலைநகரை இங்கே மாற்றினார்கள். 1790இல் கூர்க்காக்கள் பிடித்தார்கள், 1815இல் ஆங்கிலேயர். நைனிதாலும் ராணிகேத்தும் அதற்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் தங்கள் வசதிக்குக் கட்டிக்கொண்டவை. நைனிதால் ஏரிக்கரையில் குடியேற்றம் தொடங்கியதே 1841இல் பேரன் என்ற சர்க்கரை வியாபாரி வந்து போன பிறகுதான். அங்கே ஏரி, மால் ரோடு, படகு, சர்ச் எல்லாம் இருக்கும். ஆனால் குமாவோனிகள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க அல்மோரா கடைத்தெருவில் நடக்க வேண்டும்.

சென்னையிலிருந்து எப்படிப் போவது?

முதலில் தில்லி. விமானமோ, இரண்டு ராத்திரி ரயிலோ, உங்கள் சௌகரியம். தில்லியிலிருந்து காட்கோதாம்வரை ரயில் போகிறது; ராணிகேத் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியற்காலையில் இறங்கலாம். அதோடு தண்டவாளம் முடிந்தது, மலை தொடங்கிவிடுகிறது. நைனிதால் 35 கிலோமீட்டர், அல்மோரா சுமார் 85. ஸ்டேஷன் வாசலிலேயே ஷேர் ஜீப்கள் நிற்கும். பித்தோராகட், சம்பாவத் பக்கம் போகிறவர்களுக்கு டனக்பூர் ஸ்டேஷன் பக்கம்.

கூகிள் மேப் சொல்லும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அல்மோரா போகும் வழியில்தான் கைஞ்சி தாம், நீம் கரோலி பாபா என்ற சாதுவின் ஆசிரமம். கைஞ்சி என்றால் கத்தரிக்கோல்; அங்கே ரோட்டில் இரண்டு கொண்டை ஊசி வளைவுகள் அப்படி வெட்டிக்கொண்டு போவதால் அந்தப் பெயர் என்பார்கள். 1974இல் ஸ்டீவ் ஜாப்ஸ் இங்கே வந்தார். பாபா அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டிருந்தார். சனி ஞாயிறில் இந்த இடத்தில் வண்டிகள் அசையாது. ஆண்டு விழா ஜூன் 15. அன்றைக்கு அந்த ரோட்டையே மறந்துவிடுங்கள்.

வளைவுகளில் வயிறு புரட்டும். ஏறுவதற்கு அரை மணி முன்னால் வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு, முன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அல்மோரா சுமார் 1,640 மீட்டர், ஊட்டியைவிடத் தாழ்வுதான்.

எந்த மாதம் நல்லது?

பள்ளி விடுமுறையை வைத்து எல்லோரும் மே மாதம் என்பார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் மே கடைசியில் போனேன். கௌசானியில் மூன்று நாள். விடுதிக்காரர் தினமும் காலையில் வடக்கே கையைக் காட்டி, "அதோ திரிசூல், அதோ நந்தா தேவி" என்றார். எனக்குத் தெரிந்தது சாம்பல் நிறத்தில் ஒரு திரை மட்டுமே.

பனி மூட்டம் என்று நினைத்தேன், புகை என்று பிறகுதான் புரிந்தது. ஏப்ரல் முதல் மழை வரும்வரை குமாவோன் காடுகளில் தீப்பிடிக்கும். சீட் என்கிற பைன் மரத்தின் ஊசி இலைகள் தரையில் மெத்தை மாதிரி குவிந்துகிடக்கும். அதற்கு பிரூல் என்று பெயர். ஒரு பீடித் துண்டு போதும். பிசினுக்காகவும் மரத்துக்காகவும் ஆங்கிலேயர் காலத்தில் பைன் பெருக்கப்பட்டது. பாஞ்ச் என்கிற ஓக் மரம் பின்வாங்கியது. ஓக் காட்டுத் தரை ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஊற்று வற்றாது. பைன் காட்டில் காலை வைத்தால் சருகு மொறுமொறுக்கும். பின்சர் சரணாலயத்துக்குள் ஒருமுறை நடந்தால் இந்த வித்தியாசம் காலுக்கே தெரியும்.

ஆகவே அக்டோபர் பாதிக்கு மேல், நவம்பர் முழுக்க. மழை கழுவிவிட்ட வானம், மலைகள் கத்தி மாதிரி தெரியும். அடுத்தபடியாக மார்ச், புராம்ஷ் என்கிற சிவப்புப் பூ மரம் மலைச்சரிவெல்லாம் பூத்திருக்கும். ஜூலை முதல் செப்டம்பர்வரை மண்சரிவு, ரோடு எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. அக்டோபரிலும் வானிலை அறிக்கையைப் பாருங்கள். 2021 அக்டோபர் 18, 19 தேதிகளில் கொட்டிய மழையில் நைனிதால் ஏரியே ரோட்டுக்கு வந்துவிட்டது.

பனிமலை எங்கிருந்து நன்றாகத் தெரியும்?

கௌசானி, பின்சர் ஜீரோ பாயின்ட், முக்தேஷ்வர், முன்சியாரி. முதல் மூன்றில் திரிசூல், நந்தா தேவி எல்லாம் தூரத்தில் வரிசையாக நிற்கும். நந்தா தேவி 7,816 மீட்டர். முன்சியாரியில் பஞ்சசூலி ஐந்து சிகரங்களும் எதிர்வீட்டு மாடி மாதிரி பக்கத்தில் இருக்கும். பாண்டவர்கள் கடைசி யாத்திரை போகும்போது திரௌபதி அவர்களுக்காகச் சமைத்த ஐந்து அடுப்புகள் என்பது கதை. சாயங்காலம் அவை சிவக்கிறபோது பார்த்தால் கதையை நம்பாமல் இருப்பது கஷ்டம். ஆனால் முன்சியாரி காட்கோதாமிலிருந்து முழு ஒருநாள் பயணம். இரண்டு நாள் அவகாசம் இல்லாதவர்கள் அதைத் தொடாதீர்கள்.

நைனிதாலில் எத்தனை நாள் தங்கலாம்?

ஒன்று.

ஜாகேஷ்வர் ஜோதிர்லிங்கத் தலமா?

"நாகேசம் தாருகாவனே" என்று ஜோதிர்லிங்க ஸ்தோத்திரத்தில் வருகிறதே, அந்த தாருகாவனம் இதுதான் என்பது குமாவோனிகளின் நம்பிக்கை. குஜராத்தில் துவாரகை பக்கத்து நாகேஸ்வரும், மகாராஷ்டிரத்து ஔண்டா நாகநாத்தும் அதே உரிமையைக் கோருகின்றன. வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை. ஆனால் மரம் இங்கேதான் இருக்கிறது. தேவதாரு என்பதில் உள்ள தாருதான் தாருகாவனத்திலும் இருக்கிறது. ஜாகேஷ்வர் பள்ளத்தாக்கு முழுக்க அந்த மரம்தான். பிட்சாடனர் கதையில் சிவன் பிச்சைக்குப் போன தாருகாவனத்தைச் சிற்பத்தில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அந்த மரங்களுக்கு நடுவே நிற்பது தனி அனுபவம். மத்தியானத்திலும் வெளிச்சம் பச்சையாகத்தான் இறங்குகிறது.

அல்மோராவிலிருந்து 36 கிலோமீட்டர். சிறிதும் பெரிதுமாக 120க்கு மேல் கல் கோவில்கள், 7ஆம் நூற்றாண்டு முதல் 14ஆம் நூற்றாண்டுவரை கட்டப்பட்டவை. நம் கோவில் அளவை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். சில சன்னிதிகள் நம் இடுப்பு உயரம்தான். ஜடகங்கை என்ற ஓடை பக்கத்திலேயே ஓடும். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள், பஸ் கூட்டம் பத்து மணிக்கு மேல்தான்.

கோவில் பிரியர்கள் கட்டார்மல் சூரியன் கோவிலையும் விட வேண்டாம். சந்த் வம்சத்துக்கு முன்னால் ஆண்ட கத்யூரி அரசர்கள் காலத்தது. அதன் செதுக்கிய மரக்கதவுகள் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆயிரக்கணக்கில் மணிகள் தொங்கும் கோவில் எது?

அல்மோராவுக்குப் பக்கத்தில் சிதையி. சாமியின் பெயர் கோலு தேவதா. குமாவோனில் சிவனையும் நந்தா தேவி அம்மனையும் கும்பிடுவார்கள். ஆனால் அநியாயம் நடந்துவிட்டால் ஓடுவது கோலுவிடம்தான். அவர் நீதிபதி.

ஏன் நீதிபதி என்பதற்கு ஒரு கதை. ராஜாவின் இளைய ராணிக்குப் பிள்ளை பிறந்தது. மூத்த ராணிகள் பொறாமையில், மயங்கிக் கிடந்தவளின் பக்கத்தில் அம்மிக் கல்லை வைத்துவிட்டு, குழந்தையைப் பெட்டியில் அடைத்து ஆற்றில் விட்டார்கள். "நீ பெற்றது கல்" என்று அவளிடம் சொன்னார்கள். குழந்தையை ஒரு மீனவர் எடுத்து வளர்த்தார். பையன் வளர்ந்ததும் ஒரு மரக்குதிரையை இழுத்துக்கொண்டு ராணிகள் தண்ணீர் எடுக்கும் துறைக்கு வந்து, "நகருங்கள், என் குதிரை தண்ணீர் குடிக்க வேண்டும்" என்றான். மரக்குதிரை எங்கேயாவது தண்ணீர் குடிக்குமா என்று சிரித்தார்கள். "பெண் கல்லைப் பெறுவாள் என்றால் மரக்குதிரையும் தண்ணீர் குடிக்கும்" என்றான். அங்கேயே தீர்ப்பு ஆகிவிட்டது.

அதனால்தான் அவருக்குப் பிராது எழுதிக் கட்டுகிறார்கள். வெறும் காகிதத்தில் மட்டும் இல்லை, முத்திரைத் தாளிலும். நான் படித்த ஒன்றில் எதிர்வாதியின் பெயர், அப்பா பெயர், கிராமம், பட்டா எண் எல்லாம் இருந்தன. ஒரு வக்கீல் எழுதியது மாதிரியே. கீழே, "தாங்கள் எல்லாம் அறிந்தவர். சீக்கிரம் விசாரிக்கவும்." அதற்குப் பக்கத்தில் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள், பன்னிரண்டாம் வகுப்பு கணக்குப் பரீட்சையில் பாஸாக வேண்டும் என்று பென்சிலில். காரியம் நடந்தால் மணி கட்டுவார்கள். விரல் அளவு மணியிலிருந்து ஆள் தூக்க முடியாத மணிவரை கூரை, தூண், மரக்கிளை எங்கும் தொங்குகின்றன. காற்று பலமாக அடித்தால் பேசுவது கேட்காது.

பிராதுகளைப் படிக்கலாம், யாரும் தடுப்பதில்லை. போட்டோ எடுத்து எங்கேயாவது போடாதீர்கள். அதில் இருப்பது இன்னொருவர் வீட்டுச் சண்டை.

ஜாகர் என்று சாமியாடுவதைப் பார்க்க முடியுமா?

ஜாகர் என்றால் எழுப்புவது. ஜகரியா என்பவர் ஹுட்கா என்ற சிறிய உடுக்கை அடித்துக்கொண்டு சாமியின் வரலாற்றைப் பாடுவார். டங்கரியா என்கிற சாமியாடி மேல் சாமி வரும். வீட்டார் தங்கள் குறையைக் கேட்பார்கள். இது ஒரு குடும்பத்தின் சொந்த விஷயம். காசு கொடுத்துப் பார்க்கிற நிகழ்ச்சி இல்லை. யாராவது கூப்பிட்டால் போய், மூலையில் உட்கார்ந்து, போனை அணைத்துவிடுங்கள். கூப்பிடாவிட்டால் கேட்காதீர்கள்.

பாபாஜி குகை இங்கேதானே? ரஜினி போவாரே?

ஆமாம், துவாராஹாட்டைத் தாண்டி குக்குசீனா என்ற சிற்றூர். அங்கிருந்து ஏற்றத்தில் நடை. ராணிகேத்துக்கு வேலையாக வந்த லாஹிரி மகாசயர் 1861இல் மகாவதார் பாபாஜியைச் சந்தித்து கிரியா யோக தீட்சை பெற்றது இந்த மலையில் என்பது மரபு. ரஜினிகாந்த் பலமுறை போய்வந்ததால் குக்குசீனா டீக்கடையில் தமிழ்க் குரல் கேட்பது அதிசயம் இல்லை. பாபாஜி பிறந்தது கடலூர் பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் என்று ஒரு மரபு உண்டு. அங்கே அவருக்குக் கோவிலும் இருக்கிறது.

குகை சின்னது. பத்து பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் இடத்தில் பதினோராவது ஆள் செல்ஃபி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். வழியில் துனாகிரி அம்மன் கோவில் இருக்கிறது. படிக்கட்டு அதிகம், ஆனால் மேலிருந்து தெரியும் காட்சிக்குத் தகும். துவாராஹாட் ஊருக்குள்ளேயே கத்யூரி காலத்துக் கோவில்கள் சந்து சந்தாக நிற்கின்றன. அவற்றை யாரும் நின்று பார்ப்பதில்லை.

எந்தப் பண்டிகைக்குப் போனால் நல்லது?

இதற்கு உங்கள் வீட்டுத் தமிழ்க் காலண்டரே போதும். வட இந்தியாவில் பெரும்பாலும் சந்திர மாதக் கணக்கு. குமாவோன் மலையில் பல பண்டிகைகள் சங்கராந்தியை ஒட்டி, நம்மைப் போல சூரிய மாதக் கணக்கில் வருகின்றன. அநேகமாக நம் மாதப் பிறப்பு அன்றுதான். மிஞ்சினால் ஒருநாள் முன்பின்.

பங்குனி பிறக்கும்போது பூல்தேயி. குழந்தைகள் விடிகாலையில் பூப்பறித்து வந்து வீடு வீடாக வாசற்படியில் தூவுவார்கள். வீட்டுக்காரர் அரிசியும் வெல்லமும் காசும் தருவார். ஆவணி பிறப்பில் நெய் சங்கராந்தி. அன்று நெய் சாப்பிட்டே ஆக வேண்டும்.

தை பிறப்பு அன்று குகுதியா. வெல்லம் சேர்த்துப் பிசைந்த மாவை வளைத்துப் பொரித்து மாலையாகக் கோத்துக் குழந்தைகள் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். காலையில் "காலே கவ்வா காலே, குகுதி மாலா காலே" என்று கத்திக் காக்கையைக் கூப்பிடுவார்கள். கணுப்பிடி வைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அதே நாளில் பாகேஷ்வரில் சரயுவும் கோமதியும் கூடும் இடத்தில் உத்தராயணி திருவிழா. 1921இல் இந்தத் திருவிழாவில்தான், அதிகாரிகளின் மூட்டையைக் கூலியில்லாமல் சுமக்க வேண்டும் என்ற குலி பேகார் முறையை எதிர்த்து, பெயர்ப் பதிவேடுகளை மக்கள் ஆற்றில் எறிந்தார்கள். பத்ரி தத் பாண்டே முன்னின்று நடத்தினார்.

எனக்குப் பிடித்தது ஆடி பிறப்பில் வரும் ஹரேலா. ஒன்பது பத்து நாள் முன்பே ஐந்தோ ஏழோ தானியத்தைக் கூடையில் விதைத்து, வெளிச்சம் படாமல் மூடி வைப்பார்கள், முளைப்பாரிதான். அன்று அந்த மஞ்சள் நாற்றை வெட்டி, வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவரின் பாதம், முழங்கால், தோள் என்று தொட்டுக்கொண்டே போய்த் தலையில் வைப்பார். "ஜீ ரயா, ஜாகி ரயா" என்று தொடங்கும் வாழ்த்து: உயிரோடு இரு, விழித்திரு, வானத்தைப் போல் உயர்ந்திரு, பூமியைப் போல் அகன்றிரு. அதோடு நிற்காது. பல் போய், சோற்றை அம்மியில் அரைத்துத் தின்னும்வரை இரு, கம்பை ஊன்றிக்கொண்டு கொல்லைக்குப் போகும்வரை இரு. நான் குடியிருந்த வீட்டுப் பாட்டி இதைச் சொல்லும்போது பேரன்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. வெளியூரில் வேலையாக இருக்கும் மகனுக்கு இரண்டு நாற்றை உறையில் வைத்து ஒட்டினார். இன்றும் ஹரேலா தபாலில் போகிறது.

சாப்பாடு நமக்கு ஒத்துவருமா?

நன்றாகவே ஒத்துவரும். மண்டுவா ரொட்டி என்று மெனுவில் இருந்தால் அது கேழ்வரகு. கஹத் பருப்பு நம் கொள்ளு, குளிர்காலத்தில் அதுதான். ஜங்கோரா பாயசம் குதிரைவாலி. பட் என்பது கறுப்பு சோயா. அதை வறுத்து, சாம்பல் கறுப்பாகக் குழம்பு வைப்பார்கள், பட் கி சுர்கானி. பார்க்க நன்றாயிருக்காது, சோற்றில் பிசைந்தால் நிறுத்த முடியாது.

ஆலு கே குட்கே, அதாவது உருளைக்கிழங்கு வறுவல், டீக்கடைகளில் கிடைக்கும். தாளிப்பில் கடுகைவிடச் சின்னதாக ஒன்று பல்லில் நறநறக்கும், ஜக்கியா. நம் ஊரில் வேலியோரம் களையாக முளைக்கிற நாய்க்கடுகுதான் அது. வெள்ளரிக்காய் ராய்தாவில் கடுகை அரைத்துவிட்டிருப்பார்கள், முதல் ஸ்பூன் மூக்கில் ஏறும். பாங்க் சட்னி என்றதும் பயப்பட வேண்டாம், கஞ்சாச் செடியின் விதை, போதை கிடையாது. பெரிய ஓட்டல்களில் இதெல்லாம் இருக்காது, பனீர் பட்டர் மசாலாதான் இருக்கும். ஹோம்ஸ்டேயில் முதல்நாளே சொல்லி வைத்தால் செய்து தருவார்கள்.

வாசலில் போடும் சிவப்பு வெள்ளைக் கோலம் என்ன?

ஐபன். முதலில் தரையைக் காவியால் மெழுகி, அரிசி ஊறவைத்து அரைத்த மாவை விரலில் தொட்டு இழுப்பார்கள். நாம் வெள்ளைக் கோலம் போட்டுக் காவியைச் சுற்றிக் கட்டுகிறோம். அவர்கள் காவியை முதலில் பூசிவிடுகிறார்கள். புள்ளி வைத்துத்தான் முடிக்க வேண்டும், புள்ளியில்லாத ஐபன் குறையுள்ளது. கடைகளில் விற்கும் ஐபன் பெரும்பாலும் பெயின்ட். வீட்டில் போடுவதைப் பார்க்க தீபாவளிக்குப் போங்கள். வாசலிலிருந்து பூஜையறைவரை லட்சுமியின் பாதம் போகும்.

தமிழ்நாட்டோடு ஏதாவது பழைய தொடர்பு உண்டா?

இரண்டு தெரியும். விவேகானந்தரின் தூண்டுதலில் 1896இல் சென்னையில் 'பிரபுத்த பாரதா' என்ற ஆங்கில இதழ் தொடங்கியது. ஆசிரியர், 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயர். 1898இல், 26 வயதில் அவர் இறந்துபோனார். இதழ் அல்மோராவுக்குப் போனது; அடுத்த ஆண்டு, புதிதாகத் தொடங்கிய மாயாவதி அத்வைத ஆசிரமத்துக்கு. சம்பாவத் மாவட்டத்தில், லோகாகாட் பக்கம், தேவதாருக் காட்டுக்குள் இருக்கிறது மாயாவதி. விக்கிரகம், பூஜை எதுவும் கிடையாது.

இன்னொன்று, 1930களின் கடைசியில் நடனக் கலைஞர் உதய் சங்கர் அல்மோராவில் தொடங்கிய நடனப் பள்ளி. பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்க அங்கே போனவர் பாலசரஸ்வதியின் குரு கந்தப்ப பிள்ளை. அந்தக் குளிரில் அவர் தட்டுக்கழி பிடித்து ஜதி சொல்லியிருப்பதை நினைத்துக்கொண்டே, பள்ளி இருந்த சிம்தோலா மலையில் நான் நடந்திருக்கிறேன்.

ஆதி கைலாஷ் போகலாமா?

அது திபெத் எல்லைப் பக்கத்துச் சிகரம், வேறு வகைப் பயணம். எல்லைப் பகுதிக்குள் போக தார்சுலாவில் இன்னர் லைன் அனுமதி வாங்க வேண்டும், உயரம் 4,000 மீட்டரைத் தாண்டும், மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். அந்தப் பக்கத்து ரங் மக்களும், முன்சியாரிக்கு மேலே ஜோஹார் பள்ளத்தாக்கின் ஷௌகா மக்களும் தலைமுறை தலைமுறையாகத் திபெத்தோடு உப்பு, கம்பளி வியாபாரம் செய்தவர்கள். 1962 போரோடு அது நின்றது. ஜோஹாரின் மிலம் ஊர்க்காரர்தான் நைன் சிங் ராவத். ஆங்கிலேயருக்காக 1865இல் கிளம்பி, யாத்ரீகர் வேடத்தில் காலடிகளை எண்ணிக்கொண்டே லாசாவரை நடந்தார். ஜபமாலையில் 108 மணிக்குப் பதில் 100. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். 1877இல் லண்டன் ராயல் புவியியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது.

வழியில் இவ்வளவு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றனவே?

ஆட்கள் தில்லிக்கும் ஹல்த்வானிக்கும் பட்டாளத்துக்கும் போய்விட்டார்கள். 2001க்கும் 2011க்கும் இடையே அல்மோரா மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்திருக்கிறது. படிக்கட்டு வயல்களில் புல் மண்டியிருக்கும். விதைத்தாலும் பன்றியும் குரங்கும் விடுவதில்லை. இருட்டின பிறகு சிறுத்தை நடமாட்டம் உண்டு, தனியாகக் கிராமப் பாதையில் நடக்க வேண்டாம். பூட்டிய வீட்டின் செதுக்கிய ஜன்னலைப் படமெடுக்கலாம், உள்ளே போகாதீர்கள். ஜாகர் என்றால் எல்லோரும் திரும்பி வருவார்கள், குலதெய்வம் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

ஹிந்தி தெரியாமல் சமாளிக்கலாமா?

விடுதி, டாக்சியில் சமாளிக்கலாம். குமாவோனி தனி மொழி. பெரியவர்களைப் பார்த்தால் "பைலாக்" என்று சொல்லுங்கள், காலைத் தொடுகிறேன் என்று அர்த்தம். ஜீப் டிரைவரை "தாஜ்யூ" என்று கூப்பிடுங்கள், அண்ணன். முன் சீட் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

என்ன வாங்கி வரலாம்?

அல்மோராவில் தம்டா சமூகத்தினர் கையால் தட்டிச் செய்யும் செம்புப் பாத்திரம். கனம் பார்த்து வாங்குங்கள். புராம்ஷ் சர்பத் பாட்டில். அப்புறம் பால் மிட்டாய். ஹிந்தியில் பாலுக்கு தூத் என்றுதானே சொல்வார்கள், அதனால் இது நம் பால் இல்லை. ஆனால் செய்வது என்னவோ பாலைச் சுண்டக் காய்ச்சிய கோவாவில்தான். சாக்லேட் நிறம் வரும்வரை வறுத்து, துண்டு போட்டு, மேலே வெள்ளைச் சீனி உருண்டைகளை ஒட்டியிருப்பார்கள். ஊருக்கு வந்து சேரும்வரை கெடாது. பக்கத்திலேயே மாலு இலையைக் கூம்பாகச் சுற்றி சிங்கோடி என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதை மூட்டை கட்டாதீர்கள், கடை வாசலிலேயே தின்றுவிடுங்கள். இலை வாடினால் வாசனை போய்விடும்.